வலப்பக்கம் போகிற பந்து

மணிகண்டராஜ் அடிக்கும் பந்து கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பும். பாதி தூரம் நல்ல பிள்ளையாகப் போகும். பிறகு அதற்கு என்ன புத்தி வருமோ, வலப்பக்கம் வளைந்து, வேப்பமரத்தைத் தாண்டி, பெண்கள் வெடிமருந்து காயப்போட்டிருக்கும் சிமெண்டு மேடையைப் பார்த்து இறங்கும். இந்தச் சீக்குக்கு ஸ்லைஸ் என்று பெயர். கோல்ஃப் பழகுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது உண்டாம். மற்ற ஊர்களில் பந்து புதருக்குள் போகும், குளத்தில் விழும், ஆடுகிறவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பந்தை எடுப்பார். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குள் ஆடினால் அது எங்கே போய் விழும் என்பதைப் போர்மேன் ஊர்க்காவலன் ஒரு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மேடையில் வேலை பார்ப்பவள் அவன் பெண்டாட்டி மாடத்தி.

கம்பெனிக்குள் கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்டால், சட்டம்தான் கொண்டுவந்தது என்று சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் நிலம் விட்டே ஆக வேண்டும். ஒன்று வெடித்தால் மற்றதாவது பிழைக்கட்டும் என்று விட்ட இடம். அங்கே ஒரு செங்கல்லை அடுக்கினாலும் அதிகாரி கேள்வி கேட்பார். அப்படி ஆபீஸ் பக்கத்திலிருந்து பின்னாலிருக்கிற முள்வேலி வரைக்கும் நீளமாக ஒரு கரிசல் துண்டு கிடந்தது. அதன் வலது கரையில்தான் காயப்போடுகிற மேடையும், அதற்கு அடுத்து மருந்து ரூம்களும். முதலாளி மணிகண்டராஜ் ஒருநாள் அந்த நிலத்தை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "சும்மாத்தான கெடக்கு" என்றார். மறுவாரம் பெங்களூரில் இருந்து புல் போல நெய்த பச்சைப் பாய் ஒன்று சுருட்டிக் கட்டி வந்து இறங்கியது. கூடவே ஒரு நீளப் பையில் பந்தடிக்கிற இரும்புக் கம்புகள்.

அந்தப் பையை இறக்கி வைத்தவனே ஊர்க்காவலன்தான். தினமும் காலையில் வாசலில் நின்று, வருகிறவர்களின் கொண்டை ஊசியிலிருந்து சாவிக்கொத்து வரை வாங்கி வைக்கிற ஆள் அவன். இரும்பு உள்ளே போகக் கூடாது. செருப்பு போகக் கூடாது. ஷெட்டுக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். அப்படிப்பட்டவன், முதலாளியின் இரும்புகளைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் தூக்கிப் போய்ப் பாயின் ஓரத்தில் சாய்த்து வைத்தான். அவன் முதலாளியை விட வயதில் மூத்தவன். அதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

முதலாளிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கொடைக்கானலில். தீபாவளி சீசன் முடிந்ததும் வடக்கே இருந்து பெரிய ஆர்டர்காரர்கள் மலையில் வந்து தங்கிக் கோல்ஃப் ஆடுவார்கள். போன தடவை இவரையும் ஆட இழுத்தார்கள். இவர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போய், காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களின் மேஜைக்கடியில் உருண்டது. பட்டாசுக்காரர் ராக்கெட் விடுகிறார் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்களாம். இந்தி தெரியாதவருக்கும் சிரிப்பு தெரியும். அடுத்த தடவை போவதற்குள் பந்தை நேராகப் போகவைத்துவிட வேண்டும் என்று அவர் வைராக்கியமாக இருந்தார். எந்தக் காரியத்திலும் அவருக்கு இவ்வளவு வைராக்கியம் இருந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் பந்து மேடைக்கு வந்த அன்று மாடத்தி அதை முந்தானையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஒங்க மொதலாளி மேடையில முட்டை போட்டுட்டுப் போயிருக்காரு. அவிச்சா வேகுமா பாப்போம்" என்று அடுப்பு மேல் வைத்தாள்.

ஊர்க்காவலன் சிரித்தான். அன்றைக்குச் சிரிப்பு வந்தது. மேடையில் மிளகு அளவுக்கு உருட்டிய மணிமருந்து தட்டுத் தட்டாக வெயிலில் பரப்பிக் கிடக்கும். வானத்தில் போய்ப் பூவாக விரிகிறதே, அந்தப் பூவெல்லாம் இதுதான். காயக் காய அதற்குக் கோபம் அதிகம். தட்டைக்கூட இழுக்காமல் தூக்கித்தான் வைக்க வேண்டும், உரசக் கூடாது. மறுநாள் இரண்டாவது பந்து மேடையின் விளிம்பில் பட்டு எகிறியபோது அவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

நேரே போய்க் கேட்டான்.

"மொதலாளி, மேடையில சரக்கு காயுது. பந்து அங்கிட்டு வருது."

"எனக்கும் கண்ணு இருக்குலே. வராம இருக்கத்தான பிராக்டிஸ் பண்றேன்."

"ஓரத்துல ஒரு வலையக் கட்டிருவமா?"

"காலியா விட வேண்டிய எடத்துல வலை கட்டலாமா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

அவன்தான் சொல்லுவான். விபத்து என்று வந்தால் போலீஸ் முதலில் தேடுவது போர்மேனைத்தான். முதலாளி முன்ஜாமீன் கிடைக்கும் வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பார். இந்த வட்டாரத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஊர்க்காவலன் அடுத்த வழியைக் கேட்டான்.

"அப்பம் சரக்க வேற எடத்துல காயப்போடச் சொல்லட்டா மொதலாளி?"

"அந்த மேடைக்குத்தான் லைசென்ஸ் இருக்கு. வேற எடத்துல போட்டா சட்டப்படி தப்பு" என்றார் மணிகண்டராஜ், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே.

சட்டத்தின் மேல் மனிதருக்கு இவ்வளவு மரியாதை இருப்பது ஊர்க்காவலனுக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு அவர் தன் வழியில் வைத்தியம் பார்த்தார். பந்து வலப்பக்கம் போகிறது, ஆகவே இடப்பக்கம் திரும்பி நின்று அடித்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். இன்னும் அதிகமாக வளைந்தது. இன்னும் திரும்பினார். கடைசியில் ஆபீஸ் ஜன்னலைக் குறிபார்த்து நிற்கிற அளவுக்குத் திரும்பிவிட்டார், பந்து அங்கிருந்தும் வளைந்து மேடைக்குத்தான் வந்தது. கையுறையை மாற்றினார். ஷூவை மாற்றினார். கம்பு சரியில்லை என்று வேறு கம்பு வாங்கினார். பாயைத் திருப்பிப் போடச் சொன்னார். பாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஊர்க்காவலனைப் பார்த்து, "நீ அங்கன நின்னாலே எனக்குக் கை கோணுதுலே" என்றார். தன்னைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

ஊர்க்காவலனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்த முடியாது, மேடையை நகர்த்த முடியாது. மிச்சமிருப்பது ஒன்றுதான், முதலாளியின் சீக்கைக் குணப்படுத்துவது. செல்போனில் கோல்ஃப் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். இங்கிலீஷ் புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான். வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே கம்பைச் சுழற்றுவான், பந்து கயிறு பிடித்தது போலப் போகும். சாயங்காலம் வேலை விட்டு வந்து குளித்ததும், வீட்டுக்குள் விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சுழற்றிப் பார்ப்பான்.

"பானை சட்டிய ஒடைச்சுறாதீக போர்மேன். மொதலாளி ஒடைச்சா வேற வாங்கலாம், நீங்க ஒடைச்சா நாந்தான் வாங்கணும்" என்றாள் மாடத்தி.

"சும்மா இரு புள்ள. அவருக்கும் இவனுக்கும் எங்கன வித்தியாசம்னு பாக்கேன். கை ஒண்ணுபோலத்தான் இருக்கு. காலும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

மாடத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிப் பார்த்தாள். ஒரே தடவைதான் பார்த்தாள்.

"இவன் பந்தப் பாத்துக்கிட்டு அடிக்கான். ஒங்காளு எங்க பாக்காரு? மொகத்தத் திருப்பிக்கிடுறாருல்லா."

கோல்ஃப் அடிக்கிறவர் பந்து போகிற திசையைப் பார்த்து நிற்பதில்லை, பக்கவாட்டில் நிற்பார். அந்தப் பாயில் அப்படி நின்றால் முகம் மேடையைப் பார்த்து இருக்கும், முதுகு ஓரத்தில் நிற்கும் அவருடைய காரைப் பார்த்து இருக்கும். பாய் பிடிக்கிறவன் பின்னால் நின்று முதலாளியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் உட்கார்ந்திருப்பவள் ஒரு மாதமாக அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெடிக்குத் திரி கொளுத்துறவன் எப்படி நிப்பான்? கைய மட்டும் நீட்டிக்கிட்டு, ஒடம்ப ஓடுறதுக்கு வாகா வச்சிருப்பான். அப்படித்தான் நிக்காரு. கம்பு பந்துல படுறதுக்கு முன்னாடியே மொகம் அங்கிட்டுப் போயிருது, தோளும் கூடவே போயிருது. கை மட்டும் பாவம், தனியாப் போய் அடிக்கி. பெறகு பந்து எப்படி நேராப் போகும்?"

அவள் சொன்னதும் ஊர்க்காவலனுக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. விளக்குமாற்றை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தடவை சுழற்றினான். கை தானாக வெளியே இருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வந்தது. பந்து மேடைக்குத்தான் போயிருக்கும். முதலாளி எந்தப் பக்கத்தை விட்டு விலகப் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொன்று இருந்தது. மணிகண்டராஜுக்குத் தன் சரக்கைக் கண்டால் பயம். அவர் அப்பா இருந்தவரைக்கும் ஷெட் ஷெட்டாக நடந்து வருவார். மகன் ஆபீஸ் படியைத் தாண்டி மருந்து ரூம் பக்கம் வந்ததே இல்லை. தீபாவளிக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று கொடைக்கானலுக்குப் போய்விடுவார். பயப்படுவதில் தப்பில்லை. இந்தத் தொழிலில் பயம் இல்லாதவன் ரொம்ப நாள் இருப்பதில்லை. ஆனால் தான் நுழையப் பயப்படுகிற ரூமுக்குள் தினமும் அத்தனை பேரை அனுப்புகிறவர், அந்தப் பயம் வெளியே தெரிவதைத் தாங்க மாட்டார். அதனால் கம்பெனியில் அது எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய் திறக்காத சங்கதியாக இருந்தது.

"இதப் போய் அவர்ட்ட சொல்லிராதீக" என்றாள் மாடத்தி. "பந்து வந்தா நாங்க எந்திரிச்சு ஓடிக்கிடுறோம். நீங்க வாயத் தொறக்காதீக."

அவனும் திறப்பதாக இல்லை. அந்த வாரம் முழுக்கத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மேடையில் மாடத்தியும் குருவம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டுகளைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். குருவம்மாளுக்கு ஒரு கண் தெரியாது, பழைய காயம். பந்து அந்தக் கண்ணின் பக்கமாக வந்தது. மாடத்தி கையை நீட்டியிருந்த தட்டுக்குள், அவள் விரலுக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே, சொத்தென்று விழுந்து புதைந்தது. மணிமருந்து சிதறி அவள் மடியில் தெறித்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் கொண்டுவந்து பரப்பிய ஈரச் சரக்கு அது. பக்கத்துத் தட்டு நேற்றைய சரக்கு, சுள்ளென்று காய்ந்து கிடந்தது. பந்து ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே இருந்த யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் இருந்து ஓடிவந்த ஊர்க்காவலன், மாடத்தி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். குருவம்மாள் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

தூரத்தில் பாய் மேல் நின்று மணிகண்டராஜ் கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். "ஏலே, பந்து கெடச்சுச்சா?"

ஊர்க்காவலன் தட்டுக்குள் இருந்து பந்தை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கரிசல் நிலத்தின் குறுக்கே நடந்தான். அவனுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது. அவரைக் கேட்பதற்கான வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. என் பொண்டாட்டி சாகப் பார்த்தா மொதலாளி. இந்த ஆட்டத்த இன்னியோட நிப்பாட்டுங்க. பாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த வார்த்தைகளில் பாதி கீழே விழுந்துவிட்டன. கார் டிரைவர் நின்றுகொண்டிருந்தான். மேனேஜர் ராஜபாண்டியன் கையில் மோருடன் நின்றுகொண்டிருந்தார்.

"குடு" என்று பந்துக்குக் கை நீட்டினார் முதலாளி.

"மொதலாளி, தட்டுக்குள்ள விழுந்துருச்சு. ஆள் கைக்குப் பக்கத்துல."

"அதான் ஒண்ணும் ஆகலல்ல."

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க கம்பு படுறதுக்கு முன்னாடி மொகத்தத் திருப்பிக்கிடுறீக. பந்தையே பாத்துக்கிட்டு அடிச்சா நேராப் போயிரும்."

"நான் எதுக்குலே மொகத்தத் திருப்பணும்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஏதோ பழக்கம் மொதலாளி என்று முடித்திருக்கலாம். முடிக்கத்தான் பார்த்தான்.

"பழக்கந்தான் மொதலாளி. திரி கொளுத்துறப்ப நம்ம எல்லாரும் அப்படித்தான நிக்கோம்."

மணிகண்டராஜ் கம்பைத் தரையில் ஊன்றினார். ராஜபாண்டியன் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான், அவன் உதடு ஓரத்தில் ஏதோ இருந்தது. முதலாளி அதையும் பார்த்துவிட்டார்.

"அப்பம் நான் பயந்து ஓடுறேன்னு சொல்ற." குரலை உயர்த்தவில்லை. "இது யாரு கண்டுபிடிச்சது? நீயா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். அவன் அந்த மனிதருடைய கண்ணைப் பார்த்தான். இருபது வருஷமாகக் குனிந்தே பழகிய கழுத்து, தானாகப் பக்கவாட்டில் திரும்பியது.

"நான் சொல்லல மொதலாளி. எங்க வீட்டுக்காரிதான் மேடையில இருந்து பாத்துட்டுச் சொன்னா. சும்மா, வெவரமில்லாமச் சொல்றவ."

மணிகண்டராஜ் அவன் கையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டார். மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாடத்தி சிதறிய மருந்தை இறகால் மெல்லக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு பந்தைப் பாயில் வைத்து, கால்களை அகட்டி, தலையைக் குனிந்தார். கழுத்து நரம்பு புடைக்க முகத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு அடித்தார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது, இதுவரைக்கும் வராத சுத்தமான சத்தம். பந்து வளையவே இல்லை. கடைசி முள்வேலிக்குப் பக்கத்தில் போய் விழுந்து புழுதி கிளப்பியது.

இன்னொன்று அடித்தார். அதுவும் நேராகப் போனது. ராஜபாண்டியன் மோரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். ஊர்க்காவலனும் தட்டினான். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் பெண்டாட்டி பிழைத்தாள் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தான். முதலாளி அவன் பக்கம் திரும்பவே இல்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

சாயங்காலம் காராச்சேவு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான்.

"தீந்துச்சு புள்ள. இனிமே மேடைக்குப் பந்து வராது. என் கண்ணால பாத்தேன்."

"எப்படித் தீந்துச்சு?"

"நாந்தான் பக்குவமா எடுத்துச் சொன்னேன்."

"கோவப்படலையா?"

"கோவப்பட்டா மாதிரி தெரியல."

மாடத்தி பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "பரவால்லையே, போர்மேனுக்கும் தைரியம் வந்துருச்சே" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கேலி இல்லை. அவள் அப்படிப் பேசி அவன் கேட்டு ரொம்ப காலமாகியிருந்தது. அவன் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான்.

மறுநாள் காலையில் வாசலில் ராஜபாண்டியன் நின்றார். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவர் வருகிறவர் இல்லை.

"மாடத்தி, நீ இன்னையில இருந்து மேடைக்குப் போக வேண்டாம். மருந்து செலுத்துற ரூமுக்குப் போயிரு. மொதலாளி சொல்லிட்டாக."

மருந்து செலுத்துகிற ரூம் வரிசையில் கடைசி ரூம். நான்கு பக்கமும் கதவு, எப்போதும் திறந்தே இருக்கும், ஓடுவதற்கு. காய்ந்த மருந்தைக் காகிதக் குழாய்க்குள் கொட்டிக் குத்தி இறுக்க வேண்டும். பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம், மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு என்று ஒரே வரியைத்தான் போடுவார்கள், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அந்த ரூமில் இருந்த ஆள் போன மாதம் திருப்பூருக்கு ஓடிவிட்டான். அதற்குப் பிறகு யாரும் அங்கே உட்காரச் சம்மதிக்கவில்லை.

ஊர்க்காவலன் பாயை நோக்கி ஓடினான். முதலாளி அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தார்.

"மொதலாளி, அவ அந்த வேலை பாத்ததே இல்ல."

"பழகிக்கிடுவா."

"இப்பத்தான் பந்து நேராப் போகுதே. அவ மேடையிலயே இருக்கட்டுமே."

"ஏலே, நீதான நேத்து வந்து நின்ன, ஆள் கைக்குப் பக்கத்துல விழுதுன்னு? அதான் அவள எடுத்துட்டேன். அந்த ரூமுக்கு மேல கூரை இருக்கு. பந்து எப்படி வரும்?" அவர் பந்தை வைத்தார், தலையைக் குனிந்தார், அடித்தார், வேலி வரைக்கும் போவதைப் பார்த்து ரசித்தார். "அது மட்டுமில்ல. அடுத்தவன் பயப்படுறத அம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்துக் கண்டுபிடிக்கிற பொம்பள. அவளுக்குப் பயமே இருக்காது. அந்த ரூமுக்கு அப்படிப்பட்ட ஆளுதான் வேணும்."

"மொதலாளி, நான் வேணா போறேன். அந்த ரூமுக்கு நான் போறேன்."

"நீ போர்மேன். நீ அங்கன போய் ஒக்காந்தா, வெளிய யாரு பாக்குறது?" அடுத்த பந்தை எடுத்தார். "தள்ளி நில்லு. நெழல் விழுது."

தள்ளித்தான் நின்றான்.

திரும்பி வந்தபோது மாடத்தி கடைசி ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். மேடையில் குருவம்மாள் ஒற்றையாக உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள, வீட்டுக்குப் போயிருவோம்" என்றான் ஊர்க்காவலன். "இந்தக் கம்பெனி வேண்டாம். வேற எங்கனயாவது பாத்துக்கிடலாம்."

"நான் போயிட்டா அடுத்து யார இதுக்குள்ள அனுப்புவாக தெரியுமா? மேனேஜரு இப்பவே சொல்லிட்டாரு. குருவம்மாக்காதானாம். ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு அவ குழாய்க்குள்ள மருந்தக் கொட்டுவாளா, வெளிய கொட்டுவாளா?"

அவள் அவனையே பார்த்தாள். பந்தைப் பார்க்கச் சொல்லி அவன் முதலாளிக்குச் சொன்னானே, அப்படி ஒரு பார்வை, கொஞ்சமும் அசையாமல்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். மேனேஜரு என்னைப் பாத்து, ஒனக்கு ஏன் இந்த வாயின்னு கேட்டாரு. நான் அவர்ட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்க எம் பேரச் சொன்னீகளா?"

பந்து அடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. ஊர்க்காவலன் வேப்பமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி" என்றாள் மாடத்தி. "அந்தாளு நின்ன மாதிரியே நிக்கீக. வேற ஒண்ணும் வேண்டாம், விடுங்க."

தலையில் குத்தியிருந்த ஊசியை உருவி அவன் கையில் கொடுத்தாள். வழக்கமாக வாசலிலேயே கொடுத்துவிடுவாள், இன்றைக்கு வந்த அவசரத்தில் மறந்திருந்தாள். செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். எப்போதும் தொட்டதும் எடுத்துவிடுகிறவள், இன்று கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு உள்ளே போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஊர்க்காவலன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றான். அவன் போர்மேன், வெளியே நின்று பார்க்க வேண்டியவன். அந்தப் பக்கம் டக்கென்று சத்தம் வந்தது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது, முகம் கடைசி ரூம் பக்கம் வெட்டித் திரும்பியது. ரூமில் ஒன்றும் ஆகவில்லை. அவள் முதுகு அசையாமல் இருந்தது. மறுபடி டக்கென்றது, மறுபடி திரும்பினான். மேடையில் குருவம்மாள் பந்துக்குப் பயந்து தலையைக் குனிந்தாள், குனிய வேண்டியதே இல்லை.

பந்து நேராகத்தான் போனது.